எடுக்காத பொட்டலம்

பனியன் கம்பெனி கிட்டுசாமி வீட்டில் எந்தக் காரியத்தையும் மனிதர்கள் முடிவு செய்வதில்லை. போர்வெல் எந்த மூலையில் போடுவது, புது நிட்டிங் மிஷின் வாங்குவதா வேண்டாமா, பெண் எடுப்பது எந்த ஊரில் என்று எல்லாவற்றையும் மாகாளியம்மன்தான் முடிவு செய்வாள். வெளிநாட்டு ஆர்டரை மட்டும் அம்மனைக் கேட்காமலே வாங்கிக்கொள்வார்கள். அதில் அவளுக்கும் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

கேட்கும் முறை சுலபமானது. கிட்டுசாமியின் மனைவி சாரதாமணி ஒரு வெள்ளரளிப் பூவையும் ஒரு செவ்வரளிப் பூவையும் தனித்தனியாக வாழையிலையில் வைத்து மடித்து, நூல் சுற்றி, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாதபடி இரண்டு பொட்டலம் கட்டுவார். பூசாரி லிங்கசாமி அவற்றை அம்மன் காலடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. அம்மன் ஒதுக்கியதை மனுசக் கை திறந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். அதைக் கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள். போடுவதும் சாரதாமணியின் வேலைதான்.

சுபஸ்ரீ அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது இரண்டாயிரத்து ஆறில். கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்தவள். கல்யாணமான புதிதில், படித்த கல்லூரியிலேயே லெக்சரர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பூக் கேட்டார்கள். சிவப்பு வந்தது. "ஆத்தா ஒத்துக்கலயே அம்மணி. மனசு ஒடஞ்சராத" என்று மாமியாரே தேற்றி, அன்று சாயங்காலம் தன் கையால் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக் கொடுத்தார். சுபஸ்ரீ அழுதுகொண்டே நான்கு தின்றாள். நன்றாகத்தான் இருந்தது.

வீடும் கம்பெனியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. பகலெல்லாம் மிஷின் இரைச்சல், துணிப் பிசிறு, டீ இடைவேளை மணி. கேட்டில் வாட்ச்மேன் பெருமாள்சாமி. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டருகே வருவதற்குள் எழுந்து நின்று, "எங்கீங்க அம்மணி? வண்டி எடுக்கச் சொல்லட்டுங்களா?" என்பார். அவள் பதில் சொல்வதற்குள் இன்டர்காமில் வீட்டுக்குத் தகவல் போயிருக்கும். தபால் பெட்டி வரை போவதற்கு எதற்கு வண்டி என்று அவள் திரும்பி வந்துவிடுவாள்.

அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு சொல் கடிந்ததில்லை. தொல்லையே அதுதான். திட்டுகிறவர்களிடம் திருப்பிக் கேட்கலாம், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகலாம். கண்ணு, அம்மணி என்று கூப்பிட்டுக்கொண்டே கதவைச் சாத்துகிறவர்களை என்ன செய்வது? மத்தியானத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எதிரே கட்டிங் செக்‌ஷனில் துணி அடுக்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறு மணிக்கு அவர்கள் டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்க்கும்போது அவளுக்கு வயிறெரியும். அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் கதிர்வேலுக்குப் பேச்சு குறைவு. ஆட்டோமொபைல் படிக்க ஆசைப்பட்டவனை பி.காம். படிக்க வைத்து கம்பெனியில் உட்கார வைத்திருந்தார்கள். அதற்கும் பூக் கேட்டிருப்பார்கள். ஆசை போகாமல், பழைய கார் ஒன்றை வாங்கி, குடோனுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தான். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போ அதில் முன்பே இருந்தது. அது போதாதென்று அதைவிடப் பெரிதாக ஒன்றை வரவழைத்து மாட்டிவிட்டான். அங்கேதான் வண்டி நின்றது.

"ஒரிஜினல் கம்ப்யூட்டருக்கு இந்த டர்போவ தெரியாது சுபா" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். "காத்து நெறைய வருது. அதுக்குத் தகுந்த பெட்ரோல் எவ்வளவு குடுக்கோணும், எப்ப பத்த வெக்கோணும்னு சொல்ற ஈசியூ வேற போட்டாகோணும். இல்லீன்னா பிஸ்டன் உருகீரும்."

ஈசியூ என்று அவன் சொன்னது இன்ஜினின் மூளை மாதிரியான ஒரு சின்ன அலுமினியப் பெட்டி. அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் கதிர்வேல் படாத பாடு பட்டான். முதலில், ஒரிஜினல் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதனிடம் காற்றின் அளவைக் குறைத்துச் சொல்லி ஏமாற்றும் பெட்டி ஒன்றைப் பார்த்தான். வயரிங் செய்ய வந்த ராபின் அதைத் தொடவே மாட்டேன் என்றான். ராபின் தூத்துக்குடிப் பக்கம். பனியன் கம்பெனி வேலைக்கென்று வந்து, ஆறு மாதத்தில் அதைத் தலைமுழுகிவிட்டு, அவிநாசி ரோட்டில் கார் வயரிங் கடை போட்டவன்.

"எத்தன நாளைக்குண்ணே அதுக்கிட்ட பொய் சொல்லிக்கிட்டே வண்டி ஓட்டுவிய? ஒரு நாளு வசமா மாட்டிக்கிடும். பெறகு என்னைய சொல்லப்பிடாது" என்றான்.

மிச்சமிருந்தது இரண்டு வழி. ஒரிஜினல் கம்ப்யூட்டரையே பெங்களூருக்கு அனுப்பினால், அங்கே ஒரு கடையில் உள்ளே இருப்பதை மாற்றி எழுதி, பூட்டி, திருப்பி அனுப்புவார்கள். மாட்டினால் வேலை முடிந்தது. இன்னொரு வழி, அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிற தனிப் பெட்டியைப் போடுவது. அதற்குள் ஒன்றுமே எழுதியிருக்காது. ராபின் லேப்டாப்பில் அதன் திரையைக் காட்டினான். நூற்றுக்கணக்கான கட்டங்கள். இன்ஜின் இந்த வேகத்தில் சுற்றும்போது, காற்று இந்த அழுத்தத்தில் வரும்போது, பெட்ரோல் இவ்வளவு என்று ஒவ்வொரு கட்டத்தையும் நாமே நிரப்ப வேண்டும்.

"இது கடையில வச்சு முடியுற சோலி இல்ல" என்றான் ராபின். "ரோட்டுல போட்டு ஓட்டணும். ஒராளு ஓட்டணும், ஒராளு பக்கத்துல லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு மீட்டரப் பாத்து நம்பர மாத்தணும். மாசக்கணக்குல ஆவும். இந்தக் கணக்கெல்லாம் புரிஞ்ச ஆளு வேணும். எனக்கு வயர்தான் தெரியும்."

காபி டம்ளரோடு நின்ற சுபஸ்ரீ அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது நன்றாகப் புரிந்தது. அதைவிட நன்றாகப் புரிந்தது வேறொன்று. பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். ரோட்டில் ஓட்ட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும்.

"எனக்குப் புரியுதுங்க" என்றாள், புருஷனைப் பார்த்து.

கதிர்வேலுக்கும் ஆசைதான். ஆனால் பெங்களூர் வழி பத்திரமானது. ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் அந்த வீட்டுப் பிள்ளை என்ன செய்வானோ அதைச் செய்தான். அம்மாவிடம் போய் நின்றான். சாரதாமணிக்கு ஈசியூவும் தெரியாது, டர்போவும் தெரியாது. "அதுக்கென்ன சாமி, பூக் கேட்டுப் போடலாம். வெள்ளை வந்தா அந்தப் புதுப் பொட்டி. செகப்பு வந்தா பெங்களூரு" என்றார். மாகாளியம்மன் இன்ஜின் கணக்கிலும் இறங்கினாள்.

பூக் கேட்கவிருந்த வெள்ளிக்கிழமை பார்த்து, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் வந்துவிட்டார். அவருக்குக் காரமில்லாமல் சட்னி அரைக்கும் அவசரத்தில் சாரதாமணி, "அம்மணி, பொட்டலத்த நீயே கட்டியாந்துரு" என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குப் போனார்.

சுபஸ்ரீ தோட்டத்துக்குப் போனாள். வெள்ளரளி ஒன்று பறித்தாள். செவ்வரளிச் செடிக்கு நேராகப் போய் நின்றாள். கை போகவில்லை. திரும்பி வந்து இன்னொரு வெள்ளரளியைப் பறித்தாள். இரண்டையும் மடித்து நூல் சுற்றினாள். கும்பிடுகிற சாமியை ஏமாற்றுகிறோமே என்ற பயம் ஒரு பக்கம், ஜன்னலோரத்து மத்தியானம் ஒரு பக்கம். மத்தியானம்தான் ஜெயித்தது.

லிங்கசாமி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. கதிர்வேல் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மற்றதை வழக்கம்போல சாரதாமணி கிணற்றுப் பக்கம் கொண்டுபோனார். சுபஸ்ரீக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

பெட்டி வந்தது. ராபின் வயரிங் முடித்தான். அதற்குப் பிறகு வந்த மாதங்களை சுபஸ்ரீ ஆயுளுக்கும் மறக்க மாட்டாள். விடிந்ததும் கேட்டைத் திறந்துவிட்டு பெருமாள்சாமி சல்யூட் அடிப்பார். எங்கே என்று கேட்க மாட்டார். அம்மன் உத்தரவாயிற்றே! பல்லடம் தாண்டி, குண்டடம் போகிற ரோட்டில் காற்றாலைகளுக்கு நடுவே ஆளரவமில்லாத நீளமான இடத்தில் கதிர்வேல் மிதிப்பான். முதுகு சீட்டில் அப்பும். மடியில் லேப்டாப், டாஷ்போர்டில் மீட்டர். "விடுங்க, போதும்" என்பாள். ஓரங்கட்டுவான். நம்பரை மாற்றுவாள். மறுபடி மிதிப்பான்.

ஆரம்பத்தில் வண்டி இருமியது, கரும்புகை கக்கியது. ஒரு நாள் இன்ஜினுக்குள்ளே சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வந்ததும் அவள் கத்தின கத்தலில் கதிர்வேல் பயந்து காலை எடுத்துவிட்டான். அன்றைக்குப் பிஸ்டன் தப்பியது அவளால்தான். அதை அவன் ராபினிடம் மூன்று தடவை சொன்னான். வீட்டில் பேசாதவன் வண்டிக்குள் பேசினான். ஆட்டோமொபைல் படிக்கிற ஆசையை எப்படி விட்டான் என்பதைக் கூட அங்கேதான் சொன்னான். குண்டடம் சந்தைப் பக்கம் டீ குடித்தார்கள். யாரும் அவளை அம்மணி என்று கூப்பிடாத டீக்கடை அது.

ஒரு காலையில் பத்துக் கட்டத்தைச் சரி செய்ய முடியும். அவள் இரண்டைத்தான் சரி செய்தாள். மிச்சத்தைச் சிக்கனமாக வைத்துக்கொண்டாள்.

ஆனால் கெட்டிக்காரத்தனத்தை எத்தனை நாள் மறைத்துவைக்க முடியும்? ராபின் ஒருநாள் அவளுடைய கட்டங்களில் சிலவற்றைப் போனில் படம் பிடித்து, கோயம்புத்தூரில் ரேஸ் வண்டி கட்டும் ஒரு பட்டறைக்காரரிடம் காட்டியிருக்கிறான். அவர் போன் செய்தார். வாரத்தில் மூன்று நாள் வந்து தங்கள் வண்டிகளுக்கும் இதே வேலையைச் செய்து தர முடியுமா என்று கேட்டார். சுபஸ்ரீ போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய், காய்கிற துணிகளுக்கு நடுவே நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

கதிர்வேல் மறுக்கவில்லை. "போலாம் சுபா, நீ போகோணும்" என்றுதான் சொன்னான். சொல்லிவிட்டு, "அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்றான்.

அதே வாரத்தில், குண்டடம் ரோட்டில் மருமகள் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை யாரோ பார்த்துவிட்டு கிட்டுசாமியிடம் கேட்டிருந்தார்கள். அவர் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடாமல் எழுந்தார், அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு அது போதும்.

"பூக் கேட்டுப் போடலாம்" என்றார் சாரதாமணி. இந்தத் தடவை அவர் சட்னி அரைக்கவில்லை. தானே தோட்டத்துக்குப் போனார், தானே கட்டினார்.

லிங்கசாமி கண்ணை மூடி எடுத்தார். பிரித்தார். செவ்வரளி, நல்ல சிவப்பாக, இதழ் கூடக் கசங்காமல் இருந்தது.

"ஆத்தா சொல்லீட்டா, அப்பறம் என்ன பண்றது சுபா" என்றான் கதிர்வேல். அவன் முகமும் வாடித்தான் போயிருந்தது. "அந்தப் பொட்டியவே எடுத்துக் குடுத்தவ அவதான. அவ பேச்ச மீறலாமா?"

பொய்யாக இருந்தால் வாதாடலாம். அவன் மனதாரச் சொன்னான். லிங்கசாமி மற்றப் பொட்டலத்தைப் பூக்கூடையில் போட்டு சுபஸ்ரீ கையிலேயே கொடுத்துவிட்டார். சாரதாமணி பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தார். கதிர்வேல் வண்டியைத் திருப்பப் போனான். அவள் கூடையோடு கிணற்றடிக்கு நடந்தாள்.

போட்டுவிட்டு வந்திருக்கலாம். போடத்தான் கையை நீட்டினாள். ஆனால் ஒரு தரம் இரண்டு வெள்ளைப் பூ வைத்துக் கட்டின விரல்கள் அவை. அதே விரல்கள் நூலை அவிழ்த்தன.

உள்ளே செவ்வரளி.

கோபம் முதலில் வரவில்லை. லெக்சரர் வேலைதான் நினைவுக்கு வந்தது. கச்சாயம் நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம்தான் வந்தது கோபம். கண் இருட்டுகிற மாதிரி வந்தது.

"பிரிச்சுட்டியா அம்மணி?"

சாரதாமணி பின்னால் நின்றிருந்தார். குரலில் அதட்டல் இல்லை. எப்போதும்போலத் தணிந்த குரல்.

"ரெண்டும் செகப்புங்க அத்தை" என்றாள் சுபஸ்ரீ. "நான் போய் அவருகிட்டச் சொல்லப் போறனுங்க."

"சொல்லு." சாரதாமணி கிணற்று மேடையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "அப்படியே, அன்னிக்கு நீ கட்டுனதுல ரெண்டும் வெள்ளைன்னு சொல்லீரு."

சுபஸ்ரீ அவிழ்த்த நூலை விரலில் சுற்றினாள்.

"எடுக்காத பொட்டலத்த அன்னிக்கு நானும் பிரிச்சுத்தான் பாத்தேன். எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப ஏனுங்க அத்தை சொல்லாம உட்டீங்க?"

"எப்படிச் சொல்றது? பிரிக்கக் கூடாதத நீ எதுக்குப் பிரிச்சன்னு கேப்பாங்கல்லோ?" என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றது. "கட்டத் தெரிஞ்சவளுக்குத்தான அம்மணி பிரிச்சுப் பாக்கத் தோணும். நான் மட்டும் இத எங்க கத்துக்கிட்டேன்னு நெனைக்கிற? எனக்குக் கட்டுனது என்ற மாமியா. பாவம், உனக்கும் கொஞ்சம் காத்து வேணுமேன்னுதான் வாய மூடிக்கிட்டேன். அதுக்காக வாரத்துக்கு மூணு நாளு கோயமுத்தூரா? உங்க மாமனாரு சோத்துத் தட்டுல கை கழுவீட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் வாயைத் திறந்தாலும் இரண்டு பேருமே மாட்டிக்கொள்வார்கள். அதைவிட, கதிர்வேல் இருக்கிறான். அம்மன் தன் கையால் எடுத்துக் கொடுத்த பெட்டி என்று திருப்பூர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறவன். அவனிடம் போய் எதைச் சொல்வது? சுபஸ்ரீ பூவையும் இலையையும் கிணற்றில் போட்டாள். தண்ணீர் ஆழத்தில் இருந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஷெட்டில் ராபின் காத்திருந்தான். வரும் வழியிலேயே கதிர்வேல் போனில் எல்லாம் பேசி முடித்திருந்தான். இனி கதிர்வேலின் வண்டி வேலையையும் அந்தக் கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். சுபஸ்ரீ போட்ட கணக்கை ராபின் காப்பி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் போதும், அங்கே ஒரு ஆள் மிச்சத்தை முடித்துவிடுவார். "உனக்கும் வெயில்ல அலைச்சல் மிச்சம்" என்றான் கதிர்வேல். கல் நெஞ்சக்காரன் இல்லை அவன். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

"நானே எடுத்துக் குடுக்கறனுங்க" என்று சுபஸ்ரீ காரில் ஏறினாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். கணக்கெல்லாம் பெட்டிக்குள்தான் இருந்தது; வயரை அதில் மாட்டினாள். இத்தனை மாதமாக நிரப்பிய கட்டங்கள் திரையில் வந்தன. சிக்கனமாக வைத்திருந்த மிச்சக் கட்டங்களும் வந்தன. இன்னும் ஐந்து நிமிடத்தில் இவை ஊர் பேர் தெரியாத ஒருவன் கைக்குப் போய்விடும். அவள் திரும்ப ஜன்னலுக்குப் போய்விடுவாள்.

மெனுவில் கீழே ஒரு வரி இருந்தது. அவள் அதை முன்பே பார்த்திருந்தாலும் தொட்டதில்லை. பாஸ்வேர்ட். போட்டுவிட்டால் வண்டி ஓடும். ஆனால் அது தெரியாமல் யாரும் உள்ளே பார்க்க முடியாது, மாற்ற முடியாது, காப்பி எடுக்க முடியாது. அந்தக் காம்பவுண்டில் அவள் கையில் சாவி உள்ள பூட்டு வேறு எதுவும் கிடையாது.

அரளி என்று அடித்தாள். இரண்டாம் தடவையும் அடித்தாள். ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ராபின் அவள் விரல்களைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"காப்பி எடுத்தாச்சா?" என்று கதிர்வேல் கேட்டான்.

"வர மாட்டேங்குதுங்க. பொட்டி பூட்டிக்கிச்சு" என்றாள் சுபஸ்ரீ.

"பூட்டிக்கிச்சா? அதெப்படித் தானாப் பூட்டும்? ராபின், நீ பாரு."

ராபின் லேப்டாப்பை வாங்கினான். இரண்டு தட்டு தட்டினான். அவனுக்குப் பூவும் தெரியாது, மாகாளியம்மனும் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவன். இருந்தாலும் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமாண்ணே, பூட்டித்தான் கெடக்கு. நமக்குத் தெறக்காது. அக்கா கைக்குத்தான் தெறக்கும் போல. அவுக உக்காந்து, வண்டி ஓடயில ஒவ்வொண்ணாத்தான் பாக்கணும்" என்றான்.

கதிர்வேல் பெட்டியைக் குனிந்து பார்த்தான். அவன் கண்கள் மெல்ல விரிந்தன. "அவ எடுத்துக் குடுத்த பொட்டி" என்றான், ஏதோ கண்டுபிடித்தவனைப் போல. "வேற கை படறது ஆத்தாளுக்கே புடிக்கல, பாத்தியா? கோயமுத்தூருக்குத்தான வேண்டாம்னா. இத வேண்டாம்னு சொல்லலியே!" சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இனி இந்த மனிதனிடம் ஒரு நாளும் உண்மை பேச முடியாது என்பது அப்போதுதான் சுபஸ்ரீக்கு உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தாள். போர்ட்டிகோவில் சாரதாமணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. ஈசியூவும் டர்போவும் தெரியாதவர்தான். ஆனால் மருமகள் கட்டிய இந்தப் பொட்டலத்தையும் அவர் பிரித்துப் பார்த்துவிட்டார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"நாளைக்குக் காலைல வண்டிய எடுக்கறோமுங்க அம்மா" என்று கதிர்வேல் சத்தமாகச் சொன்னான்.

சாரதாமணி தலையை ஆட்டினார். மகனைப் பார்க்கவில்லை. மருமகளைத்தான் பார்த்தார்.

"குண்டடம் வரைக்குந்தான அம்மணி?" என்றார். "போயிட்டு, வெயிலேறறதுக்குள்ள ஊடு வந்து சேந்துரு."